வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிற ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தப்புச் சத்தம் மலைக்கு மலை கேட்கிறது. லயத்து ஜனமெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு காமன் பொட்டலைச் சுற்றி நிற்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் வேஷம் கட்டி நிற்கிறான். கூச்சமில்லாமல் பாடுகிறான், ஆடுகிறான். பெரியவர்கள் "சபாஷ்டா தம்பி" என்கிறார்கள்.

அதே பையன் மறுநாள் பாடசாலைக்குப் போகிறான். "தம்பி, நேத்து ராத்திரி என்னா பார்த்தே? எழும்பிச் சொல்லு பார்ப்போம்" என்று டீச்சர் கேட்கிறார். பையன் எழும்பி நிற்கிறான். தலை குனிகிறது. கால் பெருவிரல் நிலத்தைக் கிளறுகிறது. வாய் திறக்கவில்லை. "சரி, உட்காரு" என்றதும்தான் அவனுக்கு மூச்சு வருகிறது.

ஊர் முழுக்கப் பார்க்க ஆடிய பிள்ளைக்கு முப்பது பேர் இருக்கிற வகுப்பில் பேச்சு வராமல் போனது ஏன்? தோட்டத்தில் பிள்ளை வளர்க்கிற நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

வாய் இல்லாத பிள்ளை இல்லை

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். பேசாத பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல. லயத்து வாசலில் விளையாடும்போது அதே பிள்ளை எவ்வளவு பேசுகிறது! சண்டை போடுகிறது, நியாயம் கேட்கிறது, விடுகதை போடுகிறது. பேச்சு உள்ளே இருக்கிறது. வகுப்பில் அது வெளியே வர வழியில்லை.

வழியை அடைப்பவை சில உண்டு. ஒன்று, பயம். பிழையாகச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற பயம். இரண்டாவது, பாஷை. வீட்டில் "அம்மா கொழுந்தெடுக்கப் போயிருச்சி" என்கிறோம். புத்தகத்தில் "அம்மா கொழுந்து பறிக்கச் சென்றார்" என்று இருக்கிறது. எதைச் சொல்வது என்று பிள்ளைக்குக் குழப்பம். மூன்றாவது, எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்புவிக்கிற பழக்கம். கூட்டத்தோடு கத்தும்போது தைரியம் இருக்கும். தனியே நிற்கும்போது குரல் அடங்கிவிடும். நான்காவது நம்முடைய வீடு. "பெரியவங்க பேசும்போது வாயத் தொறக்காத" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்!

இன்னொன்றும் உண்டு. டவுனுக்குப் போன இடத்தில் நம்ம பேச்சைக் கேட்டு யாராவது "தோட்டக்காட்டான்" என்று சிரித்திருப்பார்கள். அந்த அவமானம் பெரியவர்களின் மனதில் தங்கிவிடுகிறது. நாம் சொல்லாமலே அது பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. நம்ம பேச்சு தாழ்ந்த பேச்சு அல்ல. நம்ம பாட்டன் பூட்டன் கொண்டுவந்து, இந்த மலைகளில் காப்பாற்றிய தமிழ் அது. அதன் மேல் நின்றுதான் பிள்ளை புத்தகத் தமிழையும், சிங்களத்தையும், ஆங்கிலத்தையும் எட்டிப் பிடிக்க வேண்டும்.

நமக்காக மற்றவர் பேசிய காலம்

பழைய கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு கொடுப்பது தோட்டத் துரையின் கடமை என்று சொன்னது. பல இடங்களில் அந்தப் படிப்பு ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக என்ற அளவோடு நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்து ஒப்புவிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப் பலன் தோட்டத்துக்கு வரவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. அதன் பிறகு, 1977 முதல்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. 1980களில் ஸ்வீடன் நாட்டின் சீடா நிறுவனம் உதவிக்கு வந்தது. 1990களில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி, தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வெளியே வரத் தொடங்கினார்கள்.

இதற்கு நடுவில் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். அது முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது. அத்தனை வருஷமும் ஒரு காகிதம் எழுத வேண்டுமென்றால் பெட்டிசம் எழுதுகிறவரைத் தேடிப் போனோம். ஒரு காரியம் பேச வேண்டுமென்றால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்திலும் பேசியவர்கள் உண்டு. 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடித்தான் ஜனங்களைச் சேர்த்தார். ஜனங்கள் பாடும் மெட்டில், ஜனங்களுக்குப் புரிகிற சொல்லில் பாடினார். மடகும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, லயத்துப் பாட்டிமார் வாயிலிருந்த பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். தமக்குத் தெரிந்ததிலிருந்துதான் இருவரும் தொடங்கினார்கள். பிள்ளையின் தன்னம்பிக்கைக்கும் அதுதான் வழி.

பேச வைப்பது எப்படி?

1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தம், சின்ன வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் கலந்திருக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல ஆசிரியர்கள் அதைச் செய்துதான் வருகிறார்கள். வகுப்பிலும், சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலும், வீட்டிலும் செய்யக்கூடிய சில வேலைகளை இங்கே சொல்கிறோம். எதற்கும் காசு வேண்டாம்.

*சோடிப் பேச்சு:* கேள்வி கேட்டவுடன் பிள்ளையை எழுப்பக் கூடாது. "பக்கத்தில இருக்கிறவருக்கு முதல்ல சொல்லுங்க" என்று இரண்டு நிமிஷம் கொடுக்க வேண்டும். ஒருவருக்குச் சொன்னதை நாலு பேருக்குச் சொல்வது சுலபம். நாலு பேருக்குச் சொன்னதை வகுப்புக்குச் சொல்வது அதைவிடச் சுலபம்.

*இன்றைய செய்தி:* ஒவ்வொரு நாள் காலையும் மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு செய்தி. "எங்க வீட்டுப் பசு கண்ணு போட்டிருச்சி." அவ்வளவு போதும். அடுத்த வாரம் அதே பிள்ளை இரண்டு வசனம் சொல்லும்.

*பொருள் காட்டிப் பேசுதல்:* அம்மா இடுப்பில் கட்டுகிற படங்கு, பழைய கொழுந்துக் கூடை, ஒரு தேயிலை விதை. கையில் பொருள் இருந்தால் எல்லோர் கண்ணும் பொருளில் இருக்கும். பிள்ளைக்குக் கூச்சம் குறையும். தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லும்போது குரலும் தானாக எழும்பும்.

*ஆஸ்பத்திரி விளையாட்டு:* ஒரு பிள்ளை டாக்டர், ஒரு பிள்ளை தாய். "ஐயா, பிள்ளைக்கு மூனு நாளா காய்ச்சல். ராத்திரியில இருமலும் இருக்கு." தபால் கந்தோர், வங்கி, கிராம சேவகர் கந்தோர் என்று இப்படியே விளையாடலாம். பெரியவர்களுக்கே நடுக்கம் தருகிற இடங்கள் இவை. ஏழு வயதில் விளையாட்டாகப் பேசிப் பழகிய பிள்ளை, பதினேழு வயதில் நேரே போய்ப் பேசும்.

எழுத வைப்பது எப்படி?

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன் வார்னர் என்று ஓர் ஆசிரியை இருந்தார். அந்த நாட்டின் பூர்வீகக் குடிகளான மாவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அங்கேயும் பாடப் புத்தகம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குத் தூரமாகத்தான் இருந்தது. அவர் என்ன செய்தார்? ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டார். பிள்ளை சொன்ன சொல்லை ஓர் அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். அந்தச் சொல் பிள்ளையின் சொந்தச் சொத்து. அதனால் அது மறக்காது. இந்த அனுபவத்தை அவர் 1963இல் புத்தகமாக வெளியிட்டார்.

பிரான்ஸ் தேசத்தில் செலஸ்தீன் பிரெனே என்று ஒரு கிராமத்து வாத்தியார். முதலாம் உலக யுத்தத்தில் அவருடைய சுவாசப்பை பழுதாகிவிட்டது. நாள் முழுக்கச் சத்தமாகப் பாடம் நடத்த அவரால் முடியாது. அதனால் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் விட்டார். 1924இல் வகுப்பறைக்குள்ளேயே சின்ன அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை, வகுப்பில் ஓட்டப் போட்டி விட்ட நத்தைகளைப் பற்றிக்கூட எழுதினார்கள். எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து, தூரத்துப் பாடசாலைகளுக்கும் அனுப்பினார்கள். தான் எழுதியதை இன்னொருவர் வாசிக்கிறார் என்று தெரிந்ததும் பிள்ளைக்கு வந்த உற்சாகத்தை அவர் கண்டுகொண்டார்.

நமக்கு அச்சு இயந்திரம் தேவையில்லை. வகுப்புச் சுவரில் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பிள்ளைகள் எழுதியதை ஒட்டி வைத்தால் அது சுவர்ப் பத்திரிகை. எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், ஆசிரியர் எழுதட்டும். பிறகு பிள்ளை அதைப் பார்த்து வாசிக்கட்டும். தான் சொன்னதுதான் எழுத்தாக நிற்கிறது என்று அது காணும்போது, எழுத்தின் மேல் இருந்த பயம் போய்விடும்.

தாத்தாவிடம் பழைய காலத்துக் கதை கேட்டு எழுதலாம். வெளிநாட்டில் வேலை செய்கிற அம்மாவுக்குக் கடிதம் எழுதி, அதைப் போனில் வாசித்துக் காட்டலாம். நம் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளின் தாய்மார் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்ல ஒரு வழி வேண்டும்.

பிழை திருத்துவதில் கவனம்

ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா கொளுந்து எடுக்க போனிச்சி அட்ட கடிச்சிச்சி ரத்தம் வந்திச்சி." சிவப்புப் பேனை எடுத்தால் ஏழெட்டு இடத்தில் கோடு போடலாம். கோடு விழுந்த கொப்பியைப் பிள்ளை மூடி வைத்துவிடும். அடுத்த முறை பிழையில்லாமல் எழுதுவதற்காக "பசு ஒரு வீட்டு மிருகம்" என்று மட்டும் எழுதும்.

அதைவிட, "அம்மா கொழுந்து எடுக்கப் போனாங்களா? அட்டை கடிச்சிருச்சா? பிறகு என்ன மருந்து போட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சரியான சொல் பிள்ளையின் காதில் விழுகிறது. சொன்ன விஷயத்துக்கும் மதிப்புக் கிடைக்கிறது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும். இன்றைக்குக் கொழுந்துக்கு வருகிற 'ழ'. நாளைக்கு முற்றுப்புள்ளி. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

தமிழ்த் தினப் போட்டி பற்றியும் ஒரு வார்த்தை. போட்டி நல்லதுதான். ஆனால் வருஷா வருஷம் அதே இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, பெரியவர் எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் பண்ண வைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? மேடைக்கு இரண்டு பேர் போகட்டும். வகுப்பில் எல்லோரும் பேசட்டும்.

பெற்றோர் செய்யக் கூடியது

"நமக்கே எழுத வாசிக்கத் தெரியாது, நாம என்னா செய்யிறது?" என்று நினைக்க வேண்டாம். மலையிலிருந்து களைத்து வருகிறீர்கள், சமையல் இருக்கிறது, தண்ணீர் பிடிக்க வேண்டும். எங்களுக்கும் தெரியும். ரொட்டி சுடுகிற நேரத்தில் பத்து நிமிஷம் போதும்.

"இன்னைக்கு என்னா படிச்ச?" என்று கேட்டால் "ஒன்னுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு வகுப்புல யார் என்ன கதை சொன்னாங்க?" என்று கேளுங்கள். பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாமல் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். மருந்துப் பக்கற்றில் இருப்பதை, கடைச் சாமான் கணக்கை, சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாத சொல் வந்தால் வெட்கப்பட வேண்டாம். "நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள். தாய்க்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு வரும் பெருமை சாமானியம் அல்ல.

அண்ணனோடு, பக்கத்து லயத்துப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். விருந்தாளி முன்னால் "இது வாயில்லாப் பூச்சி" என்று சொல்ல வேண்டாம். சொன்னதையே பிள்ளை நம்பிவிடும்.

ஒரு விஷயம் முக்கியம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வயதுக்கேற்றபடி பேச்சு வராத பிள்ளை, ரொம்பத் திக்குகிற பிள்ளை இருந்தால் அதைக் கூச்சம் என்று விட்டுவிடாதீர்கள். காது கேளாமல் இருக்கலாம். தோட்டத்து வைத்தியரிடமோ கிளினிக்கிலோ சீக்கிரம் காட்டுங்கள்.

ஏன் இத்தனை அக்கறை?

வகுப்பில் பேசாத பிள்ளைக்குப் பாடம் புரியாதது யாருக்கும் தெரிவதில்லை. தெரியாததால் உதவியும் கிடைப்பதில்லை. பிள்ளை மெல்லப் பின்தங்குகிறது. ஒரு நாள் கொப்பியை வைத்துவிட்டுக் கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுகிறது. அங்கே கூலி குறைந்தாலும், அடித்தாலும், அப்போதும் வாய் திறக்கத் தெரியாது. வகுப்பில் "எனக்கு விளங்கல்ல சேர்" என்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளைக்கு "இது நியாயம் இல்ல ஐயா" என்று மரியாதையோடு சொல்லும். வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடும்.

காமன் பொட்டலில் ஆடிய பையனிடம் திரும்பி வருவோம். டீச்சர் அவனை எழுப்பாமல், "பக்கத்துத் தம்பிக்கு அந்தப் பாட்டை மெதுவாச் சொல்லிக் காட்டு" என்று சொல்லியிருந்தால்? பிறகு அதை நாலு வரியாக எழுதச் சொல்லியிருந்தால்? ராத்திரி கேட்ட குரல் வகுப்பிலும் கேட்டிருக்கும்.

இன்றைக்குச் சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும், உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். முடிகிற வரைக்கும் கேளுங்கள்.