செப்டம்பர் 15: ஒரு தேதி, பல பாடங்கள்

செப்டம்பர் 15 என்றதும் நம் நினைவுக்கு வருவது அறிஞர் அண்ணா பிறந்த நாள் (1909). நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு அது பொறியாளர் தினமும் கூட. இயந்திரங்களின் வரலாற்றில் இதே தேதியில் இன்னும் என்னவெல்லாம் நடந்திருக்கு தெரியுமா?

1830: இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைத் திறப்பு விழா. சுமார் 50 கி.மீ. தூரம். பிரதமர் வெலிங்டனே வந்திருந்தார். வழியில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. வில்லியம் ஹஸ்கிசன் என்ற எம்.பி. கீழே இறங்கி, பிரதமரிடம் கைகுலுக்கப் போனார். அடுத்த தண்டவாளத்தில் 'ராக்கெட்' என்ஜின் வந்துவிட்டது! அந்த என்ஜினுக்கு பிரேக்கே கிடையாது. ஹஸ்கிசன் கால் நசுங்கி, அன்று இரவே இறந்து போனார். ஓட வைக்கத் தெரிந்தவர்கள் நிறுத்துவதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை!

1916: முதல் உலகப் போர். பிரான்சில் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக டாங்கிகள் இறங்கின. பாதியிலேயே பல பழுதாகி நின்றன. வயலில் டிராக்டர் ஓட உதவிய அதே மாதிரி சங்கிலிப் பட்டைதான் இங்கே மனிதனைக் கொல்லவும் உதவியது.

1959: டெல்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதுதான் தூர்தர்ஷனின் ஆரம்பம்.

சரி, பொறியாளர் தினம் ஏன் இந்தத் தேதியில்? சர் எம்.விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள் இது. புனே அருகே கடக்வாஸ்லா அணையில் 1903-இல் இவருடைய தானியங்கி மதகுகள் பொருத்தப்பட்டன. நீர்மட்டம் அளவைத் தாண்டினால் மதகு தானே திறக்கும். குறைந்தால் தானே மூடிக்கொள்ளும். அணைக்கு ஆபத்தில்லாமல் கூடுதலாகத் தண்ணீர் தேக்கலாம். ஆபத்து வருமுன்பே அதை யோசித்துச் செய்த வேலை!

ஒரே தேதியில் நடந்ததால் இவற்றுக்குள் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது தற்செயல்தான். ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியுது. இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அதைச் செய்கிற நமக்குத்தான் தெரிய வேண்டும்.

"மிஷின் பக்கத்துல பாத்து நில்லுப்பா" என்று அம்மா தினமும் சொல்லி அனுப்புவார். எங்கள் வீட்டில் நான்தான் முதன்முதலில் படிக்க வந்தவன். லேத் எப்படி இருக்கும் என்று அம்மா பார்த்ததே இல்லை. ஆனாலும் ஹஸ்கிசன் கதையின் சாரம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. ஆகவே நண்பர்களே, இனி எந்த மிஷினை ஆன் செய்யும் முன்பும் 'ஆஃப் சுவிட்ச் எங்கே?' என்று முதலில் பார்ப்போம்!