நிலத்தின் ஊடல்

திருக்குறளில் உழவு 104ஆம் அதிகாரம். அதன் ஒன்பதாவது குறளை நான் ஆண்டுதோறும் மாணவருக்குக் கற்பித்து வருகிறேன். நிலத்திற்கு உரியவன் சென்று பாராது வீட்டிலே இருந்துவிட்டால், அந்நிலம் மனைவியைப்போல மனம் வெறுத்து அவனோடு ஊடிக்கொள்ளும் என்பது அதன் கருத்து. உரியவனைக் கிழவன் என்கிறார் வள்ளுவர். கிழமை என்பது உரிமை. கிழவன் என்பவன் உரியவன். இதனை எத்தனை முறை சொன்னாலும், "முதியவர் நடக்க இயலாமையால் வயலுக்குச் செல்லவில்லை" என்று பரீட்சைத் தாளில் எழுதும் மாணவன் ஆண்டுக்கு ஒருவனாவது தோன்றிவிடுகிறான். அவனைக் கோபித்துப் பயனில்லை. அவன் வீட்டில் வயல் இல்லை, கிழவர் இருக்கிறார்.

இவ்வாண்டு வேறொரு மாணவன் எழுந்தான். "ஐயா, உரியவன் போகத்தான் நிக்கிறான். போக விடாட்டில் நிலம் ஆரோடை கோவிக்கும்?" என்றான்.

அவனுடைய பாட்டனார் மயிலிட்டியார். நான் உரைகளை மனத்தினாலே புரட்டிப் பார்த்தேன். பரிமேலழகரும் கைகொடுக்கவில்லை. அவன் விடுவதாகவும் இல்லை. "ஐயாவுக்கும் அங்கை காணி இருக்காமே. இப்ப விட்டாச்சுத்தானே. போய்ப் பாத்தீங்களோ?"

மணி அடித்தது, நான் பிழைத்தேன். ஆயினும் அந்த வினா என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மயிலிட்டி என் தாயாரின் ஊர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் உள்ளது. வடக்கே கடல், தெற்கே செம்பாட்டு மண். கடலுக்குப் போகின்றவரும் துலா மிதிக்கின்றவரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர். அங்கிருந்த காசநோய் வைத்தியசாலையால் அவ்வூர்ப் பெயர் குடாநாட்டுக்கு வெளியேயும் அறியப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மூண்டபோது ஊர் முழுவதும் எழுந்து நடந்தது. அப்பொழுது எனக்குப் பத்தொன்பது வயது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. 2017 ஜூலையில் துறைமுகமும் அதனை அடுத்த ஒரு பகுதியும் மக்களிடம் மீண்டன. 2018 ஏப்பிரலில் வேறு சில பகுதிகள் விடுபட்டன. எல்லா நிலமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆனால் என் தாயார் விட்டுச்சென்ற காணித் துண்டு 2018இல் வந்தவற்றுள் ஒன்று.

வந்தது, நான் போகவில்லை. முதலில் பற்றைக்காடு என்றேன். பிறகு வெடிபொருள் அச்சம் என்றேன். பிறகு பரீட்சை வினாத்தாள் திருத்தம் என்றேன். இருபத்தேழு ஆண்டு பிறர் தடுத்தார்கள். அதன் பின்னர் ஆறேழு ஆண்டு என்னைத் தடுத்தவர் எவருமில்லை.

சென்ற ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். வினாவிய மாணவனே பேருந்தில் முதலில் ஏறினான்.

எங்கள் காணிக்கு அடுத்த காணி என் மாமியாருடையது. எழுபது கடந்தவர். மல்லாகத்துப் பக்கத்து நலன்புரி நிலையம் ஒன்றிலே நெடுங்காலம் இருந்து, நிலம் விடுபட்ட ஆண்டிலேயே மகனோடு ஊர் திரும்பியவர். படலையைத் திறந்து என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"வா தம்பி. வழி தெரிஞ்சுதோ?"

இதைக் காட்டிலும் பெரிய கண்டனத்தை எந்தச் சபையிலும் நான் கேட்டதில்லை.

மாமியின் தோட்டத்திலே ஒரு முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. வெளியூர் அன்பர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் முந்திரிகை என்பது தமிழ்நாட்டில் திராட்சை. அவர்கள் முந்திரி என்பது எங்களுக்கு மரமுந்திரிகை. பந்தலின் கீழே கருங்குலைகள் தொங்கின. பிள்ளைகள் கையை நீட்டினார்கள். "பிடுங்கக்கூடாது, வெட்டவேணும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார் மாமி. காம்பைப் பிடித்து வெட்டவேண்டும். பழத்தைத் தொட்டால் அதன்மேற் படிந்திருக்கும் வெண்மை அழிந்துவிடும் என்றார்.

அவ்விடத்திலேயே எனக்கு ஓர் இலக்கண வகுப்புக் கிடைத்தது. பூவை ஆய்கிறோம், வெற்றிலையைக் கிள்ளுகிறோம், மாங்காயைப் பிடுங்குகிறோம், வெங்காயத்தைக் கிண்டுகிறோம், இலந்தையை உலுப்புகிறோம், பனம்பழத்தைப் பொறுக்குகிறோம். ஒவ்வொரு விளைபொருளுக்கும் ஒவ்வொரு வினைச்சொல். தோட்டத்திலே கைபட்டவனுக்கு இச்சொற்கள் மாறமாட்டா. கடையிலே வாங்குகின்றவனுக்கு ஒரு சொல்லே போதும்: வாங்குதல்.

முந்திரிகைக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. கொடியை விட்டுப் பிரிந்தபின் அதில் இனிப்பு ஏறாது. வாழைக்குலையைப் புகை போட்டுப் பழுக்க வைக்கலாம். மாங்காயை வைக்கோலில் வைக்கலாம். முந்திரிகையை அவ்வாறு ஏமாற்ற முடியாது. தூரத்துச் சந்தைக்கு அனுப்புகிறவன் சில வேளை பொறுமையின்றி முன்னரே வெட்டிவிடுகிறான். அந்தப் புளிப்பு வாங்குகிறவன் நாவுக்கு வருகிறது. நன்கு பழுத்த குலையை உண்ணவேண்டுமானால் கொடியிடம் நாமே செல்லவேண்டும். குறள் சொன்ன செல்லுதலைக் கொடியும் வற்புறுத்துகிறது.

"மாமி, இது முழுவதும் சேதனப் பசளைதானோ?" என்று வினவினேன்.

"மரக்கறிக்கு முழுக்கச் சேதனம்தான். ஆட்டெரு, மாட்டெரு, குழை. முந்திரிகைக்கு அப்பிடிச் சொல்லமாட்டன். மழை பெய்தால் பூஞ்சணம் வரும். துத்தமும் சுண்ணாம்பும் அடிக்கிறம். பொய் சொல்லி விக்கக்கூடாது."

மாமி சொன்ன துத்தமும் சுண்ணாம்பும் போர்டோக் கலவை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சு நாட்டுப் போர்டோப் பகுதியிலே, தெருவோரத்துக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிப்பதைத் தடுக்க, தோட்டக்காரர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வந்தனர். நீலம் பூசிய பழத்தை எவர் தொடுவர்? 1882ஆம் ஆண்டில் மில்லார்தே என்னும் தாவரவியற் பேராசிரியர், அந்தத் தெருவோரக் கொடிகளில் மாத்திரம் பூஞ்சண நோய் இல்லாமையைக் கண்டார். ஆராய்ந்து 1885இல் அதனை மருந்தாக வெளியிட்டார். சேதன வேளாண்மை விதிகள் பலவும் செம்பு கலந்த இம்மருந்தை ஓரளவுக்கு இன்றும் அனுமதிக்கின்றன. பறிக்க வருவோரை விரட்டுதற்குப் பிறந்த கலவை அது. மாமியோ, அதனை அடித்து நாட்கழித்து, மழையிலும் நீரிலும் கழுவுண்ட பின்னர், பறிக்க வாருங்கள் என்று படலையைத் திறந்து வைத்திருக்கிறார்.

இனி, அத்தோட்டத்தின் கணக்கைச் சொல்லவேண்டும். ஐந்து வீட்டார் மாமியிடம் பங்கு எடுத்திருக்கின்றனர். புரட்டாதியில், விதை போடுமுன், ஒரு தொகையைக் கொடுத்துவிடுவர். பின்னர் கிழமைக்கு ஒருமுறை வந்து, விளைந்ததில் தம் பங்கைத் தாமே வெட்டியும் பிடுங்கியும் கொண்டுபோவர். கத்தரி மிகுந்தால் கத்தரி மிகும். வெள்ளம் நின்று மிளகாய் அழுகினால் மிளகாய் இல்லை. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதும் இல்லை. இலாபத்தில் மாத்திரமன்று, நட்டத்திலும் பங்கு.

இவ்வழக்கம் அயல்நாடுகளிலும் உண்டு. ஜப்பானிலே 1971இல் சேதன வேளாண்மைச் சங்கம் தோன்றியது. நஞ்சு தெளித்த உணவுக்கு அஞ்சிய குடும்பத்தினர் உழவரோடு நேரே உடன்பட்டுக்கொண்ட முறை அங்கே தெய்கெய் எனப்படுகிறது. கூட்டுறவு என்பது அதன் பொருள். அமெரிக்காவிலே 1986இல் மசாசூசெற்ஸ், நியூ ஹாம்ஷயர் ஆகிய மாநிலங்களில் இரண்டு தோட்டங்கள் இவ்வாறு பங்கு பிரித்தன. அவற்றின் வழியிலே பின்னர் பல தோன்றின. மாமிக்கு இவை எவையும் தெரியா. அவரிடம் கேட்டேன். "இதென்ன புதினம்? கிணத்திலை பங்கு இல்லையோ?" என்றார்.

ஆம். அதை நான் மறந்திருந்தேன். ஆறு இல்லாத நாடு எங்களுடையது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்ற மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராய் மிதக்கிறது. அதனை அளந்து இறைக்கவேண்டும். மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். ஆகவே எங்கள் முன்னோர் கிணற்றைப் பங்கிட்டனர். இன்னார்க்கு இன்ன நாள் முறை என்று வகுத்தனர். காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படும். பங்கை விற்க நினைப்பவன் முதலிற் பங்காளிக்குச் சொல்லவேண்டும் என்பது, 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையிற் கண்ட முறை.

ஒரே நீரைப் பலர் பருகும்போது ஒருவன் இட்ட பசளை மற்றவன் குடத்துக்கு வரும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதிக்குக் கேடு. தோட்டங்களுக்கு அளவின்றி இடும் யூரியா அதற்கு ஒரு பெருங்காரணம். ஆகவே சேதனப் பசளை எங்களுக்கு நாகரிகம் அன்று. கிணற்றுப் பங்காளிக்குச் செய்யும் கடமை.

கடமையைக் கட்டளையால் ஒரு நாளில் உண்டாக்க இயலாது என்பதையும் நாம் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. உழவனிடம் போதிய எருவும் இல்லை. பழகக் காலமும் இல்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்ந்தது. நட்டம் உழவன் தலையில் மாத்திரம் விழுந்தது. உண்பவன் பங்கு எடுக்கவில்லை. மாமியின் தோட்டத்துக்கும் அந்தக் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மாமி எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். துலா இல்லை; நீரிறைக்கும் இயந்திரம் இருந்தது. மகன் பற்றை வெட்டிச் சேறு வாரித் துப்புரவாக்கிய கிணறு. எட்டுப் பங்கு. ஒன்று மாமியுடையது. இரண்டு கனடாவில், ஒன்று டென்மார்க்கில், ஒன்று இலண்டனில். இரண்டின் உரிமையாளர் இறந்துவிட்டனர். பிள்ளைகள் எங்கேயென்று தெரியாது.

"கிணறு கிடக்குது தம்பி. பங்காளியள்தான் இல்லை" என்றார்.

எட்டாவது பங்கை அவர் சொல்லவில்லை. மாணவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தனர். ஏழோடு நின்றது. வினாவிய மாணவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாதலின், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

கிணற்றுக்கு அப்பால் எங்கள் காணி. வீட்டின் சுவர்கள் இடுப்பளவு நின்றன, கூரை இல்லை. என் தாயார் அடுப்பு வைத்திருந்த மூலையிலே ஒரு நாவல் மரம் பருத்து நின்றது. எவரும் நடவில்லை. காகமோ குயிலோ கொட்டையை இட்டிருக்க வேண்டும். நிலமெல்லாம் கருநீலப் பழம். பிள்ளைகள் உலுப்பினார்கள், பொறுக்கினார்கள், மண் ஊதித் தின்றார்கள். ஔவையாரும் முருகனும் நாவலடியிற் பேசிய கதையை எவரும் நினைக்கவில்லை. எனக்குச் சொல்லவும் தோன்றவில்லை. நானும் ஒன்று பொறுக்கி ஊதினேன். தாயாரின் அடுப்படியில் நான் உண்ட கடைசிச் சோற்றுக்கும் அப்பழத்துக்கும் இடையில் முப்பத்தைந்து ஆண்டு.

அப்பொழுது மாணவனுக்கு விடை சொன்னேன். "தம்பி, போக விடாத காலத்தில் நிலம் எவரோடும் ஊடவில்லை. பறவைகளிடம் விதை வாங்கி நட்டுவைத்துக் காத்திருந்தது. ஊடல் தொடங்கியது 2018இல். அதுவும் என்னோடு."

"இப்ப கோவம் தீர்ந்துதோ, ஐயா?"

"ஒரு நாள் வந்ததனால் தீருமோ?"

புறப்படும்போது மாமி ஒரு பையைத் தந்தார். கத்தரி, பயிற்றை, ஒரு பிடி கீரை, மேலே ஒரு முந்திரிகைக் குலை. நான் பணம் எடுத்தேன். அவர் கையை மடக்கினார்.

"புரட்டாதி வருகுது. பங்குக் காசு அப்ப தா. இது கிணத்துப் பங்கு. அடுத்த கிழமையும் வா."

கிழமை என்னும் சொல்லுக்கு உரிமை என்று பொருள் சொல்லி முப்பது ஆண்டு கற்பித்துவிட்டேன். வாரம் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதை எந்த மாணவனும் சொல்வான். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அன்றுதான், கையில் பையோடு, மாமியின் படலையிலே அறிந்தேன். கிழமைதோறும் போகின்றவனுக்கே கிழமை.

புரட்டாதியிலே ஆறாவது பங்காளியாகப் பணம் கட்டினேன். சனிக்கிழமைகளில் மயிலிட்டிப் பேருந்தில் என்னைக் காணலாம். கனடாவிலும் டென்மார்க்கிலும் இலண்டனிலும் இருக்கும் பங்காளிகளே, கிணறு தூர்ந்து போகவில்லை. நாவல் மரமும் காய்க்கிறது. வழி தெரியும்தானே?