சொன்னால் மட்டும் போதாது

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். கடையில் கடன் நிலுவை கூடிவிட்டது. "பழைய பற்றையெல்லாம் இந்தக் கிழமை அறவிடுங்க" என்று கணக்கு எழுதும் தம்பியிடம் சொல்லிவிட்டு, பொருள் எடுக்கக் கொழும்புக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, வாப்பா காலத்திலிருந்தே எங்களிடம் பொருள் எடுக்கும் விவசாயி ஒருவர் கடை வாசலில் நின்றார். "வயல் இன்னும் பச்சையா நிக்குது தம்பி. அறுப்பு முடியக் காசு தராத வருசம் ஒண்டு இருக்கா?" என்று கேட்டார். எங்கோ கைமாற்று வாங்கி வந்த பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனவர், பிறகு எங்கள் கடைப் படி ஏறவில்லை.

ஆத்திரத்தில் கணக்குத் தம்பியை எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். "எல்லாப் பற்றையும் எண்டுதானே சொன்னீங்க காக்கா" என்றார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் நியாயம். வீடு தேடிப் போய் அழைத்து வந்தேன்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் முகாமையாளர்களுக்குப் பயிற்சி அளித்தவர் நெட் ஹெர்மன். மனிதர் சிந்திக்கும் விதத்தை அவர் நான்காகப் பிரித்தார். ஒருவர் கணக்கையும் ஆதாரத்தையும் பார்ப்பார். ஒருவர் ஒழுங்கையும் முறையையும் பார்ப்பார். ஒருவர் மனிதரின் மனதைப் பார்ப்பார். மற்றவர் நாளை வரப்போவதைப் பார்ப்பார். இதை மூளையின் நான்கு பகுதிகளோடு அவர் இணைத்ததை இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்பதில்லை. ஒரே ஆளிடம் நான்கும் கூடிக் குறைந்து இருக்கும். ஆனாலும் கடை நடத்தும் நமக்கு இந்தப் பிரிப்பு உதவும்.

எங்கள் கணக்குத் தம்பி இலக்கத்தைப் பார்த்தார். விற்பனையில் நிற்பவரிடம் சொல்லியிருந்தால், "அறுப்பு வரட்டும் காக்கா" என்றிருப்பார். நானோ அடுத்த மாதக் கொள்வனவை மட்டும் நினைத்தேன்.

இப்போது எந்த வேலை சொன்னாலும் நான்கு விடயத்தைச் சேர்த்துச் சொல்கிறேன்: எவ்வளவு, எப்படி, யாரிடம், ஏன். பிறகு, "என்ன விளங்கிச்சு, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்கிறேன். இரண்டு நிமிடம்தான் செலவு. பெரிய விடயமென்றால் எல்லோரையும் இருத்தி மஷூரா செய்கிறேன்.

2010இல் புதிய பாலம் திறக்கும் வரை, நமது ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே வழியில்தான் போயின. ஒன்று வரும்போது மற்றது பொறுத்து நின்றது. கடைக்குள்ளும் அந்தப் பொறுமை வேண்டும். ஊழியரை ஏசுவதற்கு முன், நாம் சொன்னது அவருக்கு எப்படி விளங்கியது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.