ஒரு வாய் தண்ணீரும் மருந்துதான்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் நகர மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகளுக்கு நேர்ந்ததை ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற சட்ட வல்லுநர் இரண்டு முறை விசாரித்தார். முதல் அறிக்கை 2010இல் வந்தது. அதைத் தொடர்ந்த பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வெளியானது. அங்கே நோயாளிகள் பட்ட துன்பத்தில் பெரும்பகுதிக்கும் அரிய மருந்துக்கும் விலை உயர்ந்த கருவிக்கும் தொடர்பே இல்லை. சாப்பாடும் தண்ணீரும் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டன. ஊட்டிவிட ஆளில்லாமல் தட்டுகள் தொடப்படாமலேயே திரும்பிப் போயின. கழிப்பறைக்குப் போக உதவி கேட்டவர்கள் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். மலமும் சிறுநீரும் கழிந்த விரிப்பிலேயே முதியவர்கள் கிடந்தார்கள். அதே ஆண்டுகளில் நிர்வாகம் செலவைக் குறைப்பதிலும் தன்னாட்சித் தகுதி பெறுவதிலும் முனைந்திருந்தது. செவிலியர் எண்ணிக்கை போதாமல் இருந்தும் ஆட்குறைப்பு நடந்தது. 2008இல் அந்தத் தகுதியும் கிடைத்தது. மேலிருந்து கண்காணித்தவர்கள் பார்த்த ஏடுகளில், கட்டிலருகே நடந்தது உரிய நேரத்தில் தெரியவரவே இல்லை.

இதைக் கருணை வற்றிப்போனதன் கதையாக மட்டும் படித்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். உண்பது, குடிப்பது, கழிப்பது, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, புரண்டு படுப்பது, எழுந்து நடப்பது, தூங்குவது, மனிதரோடு பேசுவது ஆகியவற்றைத் தானே செய்துகொள்ள முடியாத ஒருவருக்கு அவை கிடைக்கச் செய்வது சிகிச்சையின் உள்ளே அடங்கிய வேலை. அதற்கு உடலியல் அடிப்படை இருக்கிறது, அளந்து பார்த்த ஆதாரம் இருக்கிறது, கற்றுத் தேற வேண்டிய நுட்பமும் இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் எழுதி, சர்வதேசச் செவிலியர் மன்றம் 1960இல் வெளியிட்ட சிறுநூல், மூச்சு விடுவதில் தொடங்கி 14 தேவைகளை வகுத்தது. போதிய பலமும் மனத்திடமும் அறிவும் இருந்தால் ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்ளக்கூடியதை, அவை இல்லாத நேரத்தில் செய்து கொடுப்பதும், கூடிய சீக்கிரம் அவரே செய்துகொள்ளும் நிலைக்கு அவரைத் திரும்பக் கொண்டுவருவதும்தான் செவிலியரின் தனிப்பணி என்றார் அவர். அந்த வரையறையின் பிற்பாதி மிக முக்கியமானது. நோயாளியைச் சும்மா படுக்க வைத்து எல்லாவற்றையும் செய்து கொடுப்பது இந்தப் பணியின் நோக்கம் அன்று.

படுக்கை செய்யும் கேடு

ஏனென்றால் படுக்கையே உடம்பைக் கெடுக்கும். உடல்நலமுள்ள மூத்தோர் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. போதிய உணவு கொடுத்தும், கால்களின் கொழுப்பற்ற திசுவில் ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை என்றால், காய்ச்சலோடும் பசியின்மையோடும் வந்து படுக்கும் எழுபது வயதுக்காரருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடந்து வந்தவர், நோய் தீர்ந்தபின் கழிப்பறைக்குக்கூடத் தானாகப் போக முடியாதவராக வீடு திரும்புகிறார். அதோடு எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கிய தசையிலும் தோலிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி ஆக்ஸிஜன் போய்ச் சேராமல் திசு சாகத் தொடங்குகிறது. முதுகின் அடி எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வருவது இப்படித்தான். ஈரமும் ஊட்டச்சத்துக் குறைவும் அதை விரைவுபடுத்தும். நோயாளியைத் தூக்காமல் விரிப்போடு சேர்த்து இழுப்பதும் தோலுக்கு அடியில் உள்ள திசுவைக் கிழிக்கும். டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியர் தம் சகாக்களோடு முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. யாருக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே மதிப்பெண் போட்டுக் கணிக்கும் முறை அதில் பிறந்தது. 1987இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு கூறுகள் கொண்ட அளவுகோலைத் தந்தார்கள். படுக்கைப்புண் விதியின் வேலை என்ற எண்ணத்தை, வருமுன் தடுக்கக்கூடியது என்ற அறிவாக மாற்றியவர்கள் இவர்கள்.

வாயைச் சுத்தம் செய்வதை எடுத்துக்கொள்வோம். வார்டில் மற்ற வேலைகள் நெருக்கும்போது முதலில் கைவிடப்படும் வேலைகளில் இது ஒன்று. வாயில் கிருமிகள் பெருகும். இருமும் வலு குறைந்த முதியவருக்குத் தூக்கத்தில் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அது நிமோனியாவில் முடியும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் சிலருக்குப் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் விடப்பட்டார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகளில் வாய்ப் பராமரிப்பு கிடைத்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. மூளைக்கும் இதே நியாயம் பொருந்தும். மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்கு டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் வருவதுண்டு. இடம், காலம், ஆள் தெரியாமல் தடுமாறுவார்கள். ஷாரன் இனூயி தலைமையில் 70 வயதைக் கடந்த 852 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1999இல் வெளியானது. மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கருகே இருந்தன. நேரத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், நடக்க வைத்தார்கள், இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று நினைவூட்டினார்கள். தூக்க மாத்திரைக்குப் பதிலாக அமைதியான இரவை ஏற்படுத்தித் தந்தார்கள். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் இது கிடைத்தவர்களில் 9.9 சதவீதத்தினருக்கும் டெலிரியம் வந்தது. ஏற்கெனவே வந்துவிட்ட குழப்பத்தின் கடுமையை இது பெரிதாகக் குறைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே இந்தப் பராமரிப்பு முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் செய்யலாமா?

தண்ணீர் கொடுக்கவும் ஊட்டிவிடவும் படிப்பு எதற்கு, அன்பிருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் பலர். பக்கவாதம் வந்தவரின் கட்டிலருகே இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. பக்கவாதம் விழுங்கும் தசைகளையும் பாதிக்கும். புரையேறினால் இருமல் வரும் என்பது நலமாக இருப்பவரின் அனுபவம். இவர்களில் சிலருக்கு இருமல்கூட வராமல் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். நாக்கு வறண்டிருக்கிறதே என்று பாசத்தோடு கொடுக்கும் ஒரு வாய் தண்ணீரே நிமோனியாவாக மாறலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சேண்டி மிடில்டன் தலைமையில் செவிலியர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முதல் மூன்று நாள் காய்ச்சலை விடாமல் பார்த்துத் தணிப்பது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, விழுங்கும் திறனைச் சோதிப்பது என்ற மூன்றையும் முறைப்படுத்தியதுதான் அவர்கள் செய்தது. 2011இல் வெளியான முடிவின்படி, 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களும் சேர்ந்து வழக்கமான பிரிவுகளில் 58 சதவீதம், இந்த முறை கையாளப்பட்ட பிரிவுகளில் 42 சதவீதம். புதிய மருந்து எதுவும் அங்கே பயன்படுத்தப்படவில்லை. அன்பு வேண்டும்தான். எப்போது கொடுக்கக் கூடாது என்று தெரிந்த அன்பாக அது இருக்க வேண்டும்.

ஆதாரங்கள் எல்லா இடத்திலும் இவ்வளவு வலுவாக இல்லை என்று விஷயம் அறிந்தவர்கள் மறுப்பார்கள். அது உண்மை. உணவு, கழிவு, நடமாட்டம், சுத்தம் பற்றிய செவிலியர் செயல்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் ஆய்வு, அவற்றில் பலவும் தரம் குறைந்தவை என்றே கண்டது. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் பலன் தருவதும் இல்லை. விழுங்க முடிந்த பக்கவாத நோயாளிகளுக்குச் சத்துப் பானத்தைப் பொதுவாகக் கொடுத்துப் பார்த்த பெரிய பன்னாட்டு ஆய்வு 2005இல் வெளியானபோது, குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஸ்விட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில், ஊட்டச்சத்துக் குறையும் அபாயத்தில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு அவரவர் தேவையைக் கணக்கிட்டு உணவு திட்டமிடப்பட்டபோது, 30 நாளில் இறந்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்ததை 2019ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. டப்பாவில் வரும் பானத்தால் வராத பலன், அந்த ஒருவருக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்படிக் கொடுத்தால் உள்ளே போகும் என்று பார்த்துச் செய்ததில் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்ற பழைய விதியும் இப்படிச் சோதிக்கப்பட்டது. நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்த முதியோர் இல்லவாசிகளிடம் இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்று 2013இல் அமெரிக்க, கனடா ஆய்வு கண்டது. மெத்தை நன்றாக இருந்தால் முதியவரை இரவில் அடிக்கடி எழுப்பாமல் தூங்கவிடலாம் என்பது சிறிய செய்தி அன்று. ஆதாரம் மெலிந்திருப்பது அந்த வேலை அற்பமானது என்பதற்குச் சான்றாகாது. இத்தனை காலம் அதைப் பலர் ஆராயத் தகுந்ததாகக் கருதவில்லை என்பதற்கே அது சான்று.

காணாமல் போகும் வேலை

இவ்வளவு பலனுள்ள வேலை ஏன் நடக்காமல் போகிறது? 2006இல் வெளியான ஆய்வில் பியாட்ரிஸ் கலிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் செவிலியர்களிடமே இதைக் கேட்டார். வார்டில் வழக்கமாக விடுபடுபவை எவை என்று அவர்கள் சொன்ன பட்டியலில் நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவு கொடுப்பது, சுத்தம், ஆறுதல் பேச்சு ஆகியவை இருந்தன. இதற்குக் காரணம் தெளிவானது. ஊசி போடாவிட்டால் கேஸ் ஷீட்டில் காலியிடம் தெரியும், மருத்துவர் கேட்பார். ஆறு மணி நேரமாக யாரும் புரட்டவில்லை என்பது எந்தத் தாளிலும் தெரியாது. நான்காம் நாள் புண்ணாகத்தான் தெரியும். லிண்டா எய்கனும் சகாக்களும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இது வெறும் தொடர்பாக இருக்கலாம், காரணமாக இருக்க வேண்டியதில்லை என்ற வாதம் எழுந்தது. 2016 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளில் ஒரு செவிலியருக்குப் பகலில் சராசரியாக நான்கு, இரவில் ஏழு நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று சட்டமாக்கியது. விதி அமலான 27 மருத்துவமனைகளில் இறப்பு குறைந்தது. அமலாகாத 28இல் குறையவில்லை. மறுசேர்க்கையும் தங்கும் நாள்களும் குறைந்ததால் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்று 2021இல் கணக்கிட்டார்கள். செலவு தாங்காது என்ற மறுப்புக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

நம் நாட்டில் நிலைமை வேறு, இங்கே நோயாளியோடு வீட்டு ஆள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்பது கடைசி மறுப்பு. அந்த உறவின் பலம் பெரியது. முகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதே குழப்பத்தைத் தணிக்கும். ஆனால் பாசத்தை நம்பி வேலை முழுவதையும் வீட்டாரிடம் தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வீட்டு ஆள் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து, அவர் மூலம் நோயாளிக்குச் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இந்தப் பயிற்சி கிடைத்த தரப்பிலும் கிடைக்காத தரப்பிலும் சமமாக 47 சதவீதம். குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. தேர்ந்தவர் செய்ய வேண்டியதைத் தேர்ச்சியில்லாதவர் தோளில் ஏற்றிவிட்டால் பலன் கிடைத்துவிடாது என்பதே இதன் பாடம். சுமையைத் தூக்குபவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் என்பதையும், அதற்காக அவர்கள் இழக்கும் கூலியையும் உறக்கத்தையும் எந்தச் சுகாதாரக் கணக்கும் எழுதுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

கேஸ் ஷீட்டில் மருந்துக்கு இருப்பதுபோல் புரட்டியது, குடித்தது, உண்டது, வாய் கழுவியது, நடந்தது ஆகியவற்றுக்கும் நேரத்தோடு இடம் வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சோதனைக்கு முன் வாய் வழியாக மாத்திரைகூடக் கொடுக்காத ஒழுங்கு எல்லா மருத்துவமனையிலும் வேண்டும். ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்பதற்கு மீற முடியாத வரம்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வலி நிவாரணப் பராமரிப்பையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டாருக்குப் புரட்டும் முறை, ஊட்டும் முறை, வாய்ச் சுத்தம் ஆகியவற்றை நேரில் செய்துகாட்டிப் பிறகும் வந்து பார்த்துச் சரிசெய்ய இதைவிட நல்ல வழி இல்லை. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்றே தொடங்கக்கூடியவையும் உண்டு. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு சிறு வாயாகக் கொடுங்கள். தினமும் பல் துலக்கிவிடுங்கள். குதிகாலையும் இடுப்பின் அடி எலும்பையும் நாள்தோறும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்போ, கருத்த தோலில் நிறம் மாறிய திட்டோ தெரிந்தால் உடனே செவிலியரைக் கேளுங்கள். முடிந்தவரை எழுந்து உட்காரவும் நடக்கவும் துணை நில்லுங்கள். மருத்துவமனைக்குப் போனால் என்ன மருந்து என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்த வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கத் தொடங்கினால்தான் ஆள்பவர்கள் அதற்குப் பதில் தேடுவார்கள்.