60 சதவீத விஸ்கியும் ஒரு டீஸ்பூன் தண்ணீரும்

நம்ம ஊரில் ஒருவனைப் பற்றி 'ராவா அடிக்கிறான்' என்று சொன்னால் அதில் பாதி பயம் இருக்கும், பாதி பிரமிப்பு இருக்கும். தண்ணீர் கிடையாது, சோடா கிடையாது, ஒரே மடக்கு. முகத்தைச் சுளித்து, ஊறுகாயை நாக்கில் தடவி, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அதனால்தானோ என்னவோ, என் வீட்டில் 60 சதவீத விஸ்கி இருக்கிறது என்றால் 'என்னண்ணே, ராவாவா?' என்று கண்ணைச் சிமிட்டுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மனிதனை நிதானமாகவும் குறைவாகவும் குடிக்க வைப்பது இந்தக் கனமான விஸ்கிதான் என்பது என் கட்சி.

நான் கிளாஸ்கோவில் 17 வருஷமாக இருக்கிறேன். விஸ்கி தேசத்தில் இருந்தும், நம்மவர்கள் கூடும் வீடுகளில் பார்ப்பது ஒரே காட்சிதான். விலை உயர்ந்த பாட்டில் மேஜைக்கு வரும். அது எத்தனை வருஷத்துச் சரக்கு, எந்த ஏர்போர்ட்டில் வாங்கியது என்று பத்து நிமிஷம் பேச்சு ஓடும். பிறகு கிளாஸ் நிறைய ஐஸ், அதன் மேல் விஸ்கி, அதன் மேல் கோக். 18 வருஷம் பீப்பாயில் காத்திருந்ததை 18 நொடியில் முடித்துவிடுவோம். ஐஸ் வாசனையை அடக்கிவிடும், கோக் நாக்கை மூடிவிடும். பாட்டிலின் பெயரைத் தவிர வேறெதையும் நாம் குடிக்கவில்லை.

சரி, இந்த 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' என்பது என்ன?

ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் சட்டப்படி அது ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்திருக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக்கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது பெரும்பாலும் 63.5 சதவீதம் இருக்கும். வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதற்கு இங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். (கிடங்குச் சுவர்களில் கரி பூசியது போல ஒரு கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கும். அந்த ஆவியைத் தின்றுதான் அது வளர்கிறது. தேவதைகள் கறுப்பாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.) பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறக்கும்போதும் 55, 60 என்று நிற்கும். அதில் தண்ணீர் சேர்த்து 40க்கோ 43க்கோ இறக்கித்தான் வழக்கமான பாட்டில்களை நிரப்புகிறார்கள். அந்தத் தண்ணீரைச் சேர்க்காமல், பீப்பாயில் இருந்தபடியே அடைப்பதுதான் காஸ்க் ஸ்ட்ரெங்த்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கடையில் வாங்கும் 40 சதவீத விஸ்கி ஏற்கெனவே கலந்து வைத்த காபி. காஸ்க் ஸ்ட்ரெங்த் என்பது முதல் டிகாஷன். கலப்பது உங்கள் கையில். முதல் டிகாஷனை யாராவது டம்ளரில் ஊற்றி மடக்கென்று குடிப்பார்களா?

தமிழ்நாட்டு பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். பக்கத்திலேயே '75 ப்ரூஃப்' என்றும் இருக்கும். இந்த விநோத எண்ணுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து வரிக்கணக்கு இருக்கிறது. வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தினால் பற்ற வேண்டும், பற்றினால் அது நிரூபணமான சரக்கு என்பார்கள். பிரிட்டிஷ் கணக்கில் 100 ப்ரூஃப் என்றால் சுமார் 57.1 சதவீதம். அதில் முக்கால் பங்குதான் நம்ம 42.8. பிரிட்டன் அந்தக் கணக்கை எப்போதோ கைவிட்டுவிட்டது, நம்ம லேபிள் மட்டும் விடவில்லை.

அடுத்து, மேகம். 40 சதவீத விஸ்கி குளிரில் லேசாகக் கலங்கும், அதிலுள்ள எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் பிரிந்து மிதப்பதால். வாங்குகிறவர் பயந்துவிடக்கூடாது என்று பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிரவைத்து அவற்றை வடிகட்டிவிடுகின்றன. வாயில் வழவழப்பைக் கொடுப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ரசத்தின் மேல் மிதக்கும் நெய்யை எடுத்துவிட்டு ரசம் சாப்பிடுவது போல. காஸ்க் ஸ்ட்ரெங்த் பாட்டில்கள் பெரும்பாலும் இந்த வடிகட்டலுக்குத் தப்பியவை. தண்ணீர் சேர்த்ததும் கிளாஸில் புகைபோல ஒரு கலங்கல் எழுந்தால் சந்தோஷப்படுங்கள்.

தண்ணீர் சேர்த்தால் ருசி கூடுகிறது என்பது வெறும் பிரமையா? 2017இல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் இதைக் கம்ப்யூட்டர் மாதிரி வைத்து ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் மிக அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் சேரச் சேர மேற்பரப்புக்கு வருகிறது. மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும்?

இனி செய்முறை. 25 மில்லி அளந்து ஊற்றுங்கள், கண் அளவு வேண்டாம். அடி பருத்து வாய் குறுகிய கிளாஸ் நல்லது, இல்லாவிட்டால் சின்ன வைன் கிளாஸ் போதும். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், எரியும். வாயை லேசாகத் திறந்தபடி தூரத்திலிருந்தே முகருங்கள். முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு துளி, நாக்கு நனையும் அளவுக்கு. பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணீர். 60 இப்போது 50 ஆகிவிட்டது. இன்னும் ஒன்றரை டீஸ்பூன் சேர்த்தால் 40. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உங்களுக்கான இடம் இருக்கிறது. அதைத் தேடுவதில்தான் அரைமணி நேரம் போகும், போகட்டும். நான் டிராப்பரை எடுத்தால் என் மனைவி 'கெமிஸ்ட்ரி லேப் திறந்தாச்சு' என்பாள். ஆனால் அவள் கிளாஸுக்கும் நான்தான் அளந்து ஊற்ற வேண்டும். கிளாஸ்கோவில் லாக் கேட்ரின் ஏரித் தண்ணீர் குழாயில் வருவதால் எங்களுக்குக் கவலையில்லை. உப்புத் தண்ணீர் வரும் ஊரில் இருப்பவர்கள் பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சோடா வேண்டாம்.

எதை வாங்குவது? எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

முதல் பாட்டிலாக க்ளென்ஃபார்க்ளாஸ் 105. ஸ்பே நதிப் பக்கம், 1865 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் சாலை. பெயரிலுள்ள 105 அந்தப் பழைய ப்ரூஃப் கணக்குத்தான், அதாவது 60 சதவீதம். ஷெர்ரி பீப்பாய் வாசம். எனக்குக் கருப்பட்டி, உலர் திராட்சை, கிராம்பு, கொஞ்சம் சுக்கு என்று வரிசையாக வரும். தீபாவளி லேகியம் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும்.

இரண்டாவது லஃப்ராய்க் 10 காஸ்க் ஸ்ட்ரெங்த். இது ஐலா தீவுச் சரக்கு. கென்னக்ரெய்கிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் போர்ட் எலன். அங்கிருந்து கடலோரச் சாலையில் நடந்தே லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றையும் பார்த்துவிடலாம். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாக மக்கிக் கிடக்கும் செடிகொடிகளைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து, வரட்டி போல எரிப்பார்கள். பீட் என்று பெயர். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில்தான் காயவைக்கிறார்கள். அந்தப் புகை, அயோடின், கடற்பாசி, தார், எல்லாம் கிளாஸில் வந்து நிற்கும். என் யாழ்ப்பாணத்து நண்பர் முதல்முறை முகர்ந்துவிட்டு, 'இது ஆஸ்பத்திரி மணமெல்லோ!' என்றார். இரண்டு டீஸ்பூன் தண்ணீருக்குப் பிறகு, 'இல்லை அண்ணை, இப்ப அம்மம்மாவின்ட குசினி' என்றார். விறகடுப்பு, சுட்ட கருவாடு, ஓரத்தில் ஒரு தித்திப்பு. பிடிக்காதவர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது, கட்டாயப்படுத்தாதீர்கள். பாட்டில் வாங்கும் முன் ஏதாவது பாரில் ஒரு அளவு குடித்துப் பார்ப்பது பர்ஸுக்கு நல்லது.

மூன்றாவது நம்ம பக்கத்து ஊர்க்காரர், பெங்களூர் அம்ருத். 2004இல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் வெளியிட்டது பெங்களூரில் அல்ல, இங்கே கிளாஸ்கோவில். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற துணிச்சல் என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2010ஆம் வருஷத்து 'விஸ்கி பைபிள்' நூலில் ஜிம் மர்ரே அவர்களுடைய ஃப்யூஷன் விஸ்கிக்கு உலகில் மூன்றாம் இடம் கொடுத்தார். பெங்களூர்ச் சூட்டில் தேவதைகள் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் குடித்துவிடுவதால், அங்கே 12 வருஷம் காத்திருப்பது கஷ்டம். ஆனால் அதே சூட்டில் மரத்தின் சாரம் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. ஆகவே வயசைக் கேட்டு மதிப்புப் போடாதீர்கள். அவர்களுடைய காஸ்க் ஸ்ட்ரெங்த் 61.8 சதவீதம். நல்ல காரம்.

விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் கணக்குப் போடுங்கள்: 700 மில்லி 60 சதவீத விஸ்கியை 40க்கு இறக்கினால் 1,050 மில்லி. ஒன்றரை பாட்டில்.

அதே கணக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்டனில் 25 மில்லி, 40 சதவீதம் என்றால் ஒரு யூனிட். அதே 25 மில்லி, 60 சதவீதம் என்றால் ஒன்றரை யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இங்கே மருத்துவர்களின் அறிவுரை. ஊர் வழக்கப்படி 60 மில்லி 'லார்ஜ்' ஊற்றினால் ஒரே கிளாஸில் 3.6 யூனிட் உள்ளே போய்விடும். எத்தனை தண்ணீர் சேர்த்தாலும் ஆல்கஹால் குறையாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வாகன ஓட்டிகளுக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. எல்லை தாண்டி வந்து விருந்து சாப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். என் வீட்டில் சாவியை வாங்கி வைத்துவிடுவேன், கோபித்துக்கொண்டாலும் சரி. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கவும் வேண்டாம்.

என் மகனுக்கு 19 வயசு. அவன் நண்பர்களோடு எங்கே, எதை, எப்படிக் குடிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கற்றுக்கொள்வதைவிட நம்ம மேஜையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று போன கிறிஸ்துமஸுக்கு 105இல் பத்து மில்லி ஊற்றினேன். 'என்னப்பா, இவ்ளோதானா?' என்றான். இவ்வளவுதான் என்றேன். என் தாய்மாமா கடை ஓரத்தில் நின்று, யார் பார்த்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் குடித்தே ஐம்பது வயசில் போய்ச் சேர்ந்தார். அந்த அவசரம் நம்ம கூட ஃப்ளைட் ஏறி வந்திருக்கிறது, கோக் கலந்த கிளாஸில் நான் தினம் பார்ப்பது அதைத்தான். மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, டீஸ்பூனை மட்டும் நீட்டினேன். பத்து மில்லியை முக்கால் மணி நேரம் வைத்திருந்தான். வெல்லம் வாசனை வருகிறது என்று அவன்தான் முதலில் சொன்னான்.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை விமானத்தில் ஏற்ற முடியாது. 60 என்றால் சீல் பிரிக்காமல் செக்-இன் பெட்டியில் போகும். இந்தியாவில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். போய்ச் சேர்ந்ததும் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் இத்தனை கனமான சரக்கு கார்க்கை அரித்துவிடும். அடுப்புப் பக்கமும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

போன தடவை தஞ்சாவூரில் மாமனாருக்கு லஃப்ராய்க் ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 'மாப்ள, டிஞ்சர் மாதிரி இருக்கே' என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'இன்னொரு ஸ்பூன் தண்ணி விடுங்க, பார்ப்போம்' என்றார்.