இராகலைக்குப் போன இருப்புப்பாதை

கொழும்பிலிருந்து மலையேறிய அகலப் புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. நுவரெலியா நகரமோ அதற்கும் மேலே, மலையிடுக்கில் ஒதுங்கிக் கிடந்தது. இக்குறையைத் தீர்க்க 1903ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து ஒரு குறுகிய பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அது கந்தப்பளை, புறூக்சைட் வழியாக இராகலை வரை நீண்டது. மொத்தத் தூரம் ஏறத்தாழ 19 மைல். உடப்புசல்லாவைப் பாதை என்று அதற்குப் பெயர். ஆயினும் உடப்புசல்லாவையை அது ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை!

பெரிய பாதையின் தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி அகலம். இதிலே இரண்டரை அடிதான். மலைச்சரிவை ஒட்டி நெருங்கிய வளைவுகளில் திரும்புவதற்குக் குறுகிய பாதையே ஏற்றது. வெட்ட வேண்டிய மண்ணும் குறைவு, செலவும் குறைவு. ஆனால், அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே பாதையின் முடிவும் அடங்கியிருந்தது.

நேயர்கள் ஒரு தேயிலைப் பெட்டியின் பயணத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தொழிற்சாலையிலிருந்து நிலையத்துக்கு வந்த பெட்டி சிறிய வண்டியில் ஏறும். நானுஓயாவில் இறங்கிப் பெரிய வண்டிக்கு மாறும். சிறிய வண்டி பெரிய பாதையில் ஓடாதல்லவா? தோட்டத்துக்கு வந்த அரிசிக்கும் பசளைக்கும் இதே சுமைமாற்றந்தான். தெருக்கள் செப்பனிடப்பட்ட பின்னர் லொறி தொழிற்சாலை வாசலுக்கே வந்து நின்றது. ஏற்றுவதும் ஒருமுறை, இறக்குவதும் ஒருமுறை. இதனோடு சிறுபுகையிரதம் எங்ஙனம் போட்டியிடும்? 1940இல் பிரயாணிகள் சேவை நின்றது. 1948இல் பொருட்சேவையும் நின்றது. பின்னர் தண்டவாளங்களும் கழற்றப்பட்டன.

அந்த 1948ஆம் ஆண்டு, இப்பகுதி மக்கள் வேறொரு காரணத்தாலும் மறக்க முடியாத ஆண்டு. இப்பாதை சுமந்த தேயிலையைப் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்தம் வழிவந்தோருமே. அவ்வாண்டு இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பாதை மூடப்பட்டதைக் கணக்கேடுகள் குறித்து வைத்தன. லயங்களில் வாழ்ந்தவர்களுக்கோ, எஞ்சியிருந்தோர்க்கு முழுமையாகப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

பழைய பாதையின் தடத்தைத் தேடிச் செல்வோர் தண்டவாளத்தைத் தேடிப் பயனில்லை; சரிவைத்தான் பார்க்க வேண்டும். மோட்டார்த் தெரு திடீரென ஏறும், திடீரென இறங்கும். புகையிரதத்துக்கு அது இயலாது. ஆகவே தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரே சீராக ஏறி, குன்றின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் ஒடுங்கிய சமதரை தென்பட்டால், அது பழைய பாதையாக இருக்கலாம். ஓடை குறுக்கிடும் இடங்களிற் கற்கட்டு ஏதேனும் எஞ்சியிருக்கின்றதா என்றும் நோக்க வேண்டும். ஆனால் தோட்டங்களுக்குள்ளே செல்பவர் அனுமதி பெற்றே செல்லவேண்டும். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களே அதற்கு உகந்தவை. மற்றக் காலங்களில் அட்டைகளின் தொல்லை வேறு.