சேணத்தின் மேல் ஓடும் ரயில்

ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 23.5 அடி. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் அணை என்பதால், கோடை வந்தால் 'இன்னும் எத்தனை அடி இருக்கிறது?' என்பதுதான் ஊர்ப் பேச்சு. மட்டம் ஓர் அடி இறங்கும்போது கரையைப் பாருங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும் பக்கம் தண்ணீர் விளிம்பு கொஞ்சம்தான் பின்வாங்கும். தரை படுத்தாற்போல் இருக்கும் பக்கம் வெகுதூரம் போய்விடும். இறங்கிய உயரம் என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

காற்றடங்கிய நேரத்தில் அந்த விளிம்பு முழுக்க ஒரே உயரத்தில் இருக்கிறது. நில அளவையில் இதற்குப் பெயர் சம உயரக் கோடு. இந்திய நில அளவைத் துறையின் 58 எஃப்/15 என்ற வரைபடத்தாள் இந்தப் பகுதியைக் காட்டுவது. 50,000-க்கு 1 என்ற அளவில் வரையப்படும் இத்தகைய தாள்களில் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒரு கோடு. நாட்டையே தண்ணீரில் மூழ்கடித்து, மட்டத்தை இருபது இருபது மீட்டராக ஏற்றி, ஒவ்வொரு முறையும் விளிம்பைப் படியெடுத்தால் வருவது அதே படம்தான். கோடுகள் நெருங்கினால் மலைச்சரிவு, விலகினால் சமவெளி.

ஓர் இடம் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் உயரம் என்ற மூன்றாவது எண் கிடைக்கிறது. இதுதான் இரு மாறிச் சார்பு. ஒரே மாறி இருந்தால் அதன் வரைபடம் ஒரு வளைகோடு. இரண்டு இருந்தால் ஒரு பரப்பு. தரையே இங்கே அந்த வரைபடம். (முன்னால் துருத்தி நிற்கும் பாறை இந்தக் கணக்கில் சேராது; ஒரே இடத்துக்கு அது இரண்டு உயரம் சொல்லும்.)

உச்சியும் பள்ளமும் எவருக்கும் புரியும். என் கண்ணுக்கு அவற்றைவிடச் சுவையானது மூன்றாவது வகை. ஆத்தூருக்கு மேற்கே பழனி மலை, கிழக்கே தள்ளிச் சிறுமலை. நடுவிலுள்ள தரையில் கிழக்கு மேற்காக நடந்தால் இருபுறமும் ஏற்றம். தெற்கு வடக்காக நடந்தால் இருபுறமும் இறக்கம். வடக்கே வடியும் நீர் குடகனாற்றில் சேர்ந்து அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்கே வடிவது வைகைக்கு. ஒரு திசையில் ஆகத் தாழ்ந்தும் மறு திசையில் ஆக உயர்ந்தும் நிற்கும் அந்த இடம், குதிரை முதுகில் போடும் சேணத்தின் நடுவைப் போன்றது. கணிதத்திலும் பெயர் சேணப்புள்ளிதான். மலையைக் குறைந்த ஏற்றத்தில் தாண்ட விரும்புகிறவர்கள் தேடுவதும் அதையே. 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போட்ட ரயில்பாதை திண்டுக்கல் தாண்டியதும் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. கொடைக்கானல் ரோடு நிலையம் இருப்பதும் இங்கேதான்.

இதே வடிவம் நிலக்கணக்கிலும் ஒளிந்திருக்கிறது. நீளம், அகலம் என்ற இரண்டையும் பெருக்கினால் பரப்பளவு. 10-க்கு 10, 20-க்கு 5, 50-க்கு 2, எல்லாம் 100 சதுர மீட்டர்; ஆகவே மூன்றும் ஒரே சம உயரக் கோட்டில் உட்காரும். குறை எண்களையும் அனுமதித்து இந்தப் பெருக்கலைப் பரப்பாக வரைந்தால் அச்சு அசலான சேணம் வருகிறது. அகலத்தை மாற்றாமல் வைத்து அதன்மேல் நகர்ந்தால் பாதை நேர்கோடு. நீளத்தை மாற்றாமல் நகர்ந்தாலும் அப்படியே. முழுக்க நேர்கோடுகளால் ஆன ஒன்று இப்படி வளைந்து கிடக்கிறது.

மின்காந்தவியலால் பெயர் பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1870-இல் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது: குழிகளே இல்லாத ஒரு தீவில் கடல்மட்டம் ஏறிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேணம் மூழ்கும்போதும் ஒரு தீவு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு உச்சி மூழ்கும்போதும் ஒரு தீவு மறையும். ஒன்றில் தொடங்கிச் சுழியத்தில் முடிய வேண்டுமென்றால், உச்சிகளின் எண்ணிக்கை சேணங்களைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருந்தே தீரும். அந்தத் தீவின் மலைகளை ஏறி அளக்காமலேயே இதைச் சொல்லிவிடலாம்.